உங்களுக்குத் தெரியுமா? சிப்பி சலவைக்கல்லாகும் விந்தை!

மேசைப் பலகையில் வெள்ளை பெயின்ட் அடித்து, இறகு நுனியால் சாம்பல் நிற ரேகைகள் இழுத்து, வார்னிஷ் பூசினால் சலவைக்கல் போலவே தெரியும். ஆனால் அது தோற்றம் மட்டுமே. நம் கொத்தனார்களின் சுண்ணாம்புப் பூச்சு அதைவிட ஒரு படி மேல்!

● திருவள்ளூர் மாவட்டத்துப் பழவேற்காடு ஏரிச் சிப்பிகளைச் சுட்டுச் சுண்ணாம்பு எடுப்பது பழைய தொழில்.

● சிப்பிச் சுண்ணாம்பை நைசாக அரைத்து, முட்டை வெள்ளைக்கரு போன்றவை சேர்த்துப் பூசி, வழவழப்பான கல்லால் தேய்த்து மெருகேற்றுவார்கள். இதுவே புகழ்பெற்ற ‘மெட்ராஸ் சுண்ணாம்பு’.

● 1780இல் சென்னைக்கு வந்த ஆங்கிலேய ஓவியர் வில்லியம் ஹாட்ஜஸ், அதன் சலவைக்கல் பளபளப்பை வியந்து எழுதினார்.

● பூசிய சுண்ணாம்பு காற்றிலுள்ள கார்பன் டைஆக்சைடை உறிஞ்சி கால்சியம் கார்பனேட்டாக இறுகுகிறது. சிப்பியும் சலவைக்கல்லும் அதே பொருள்தான்!