கடனாளியின் அபயக்குரல்

அந்நிய தேசத்தின் வாயிலில் அபயம் கேட்டு நிற்பவனிடம் அவனுடைய சொல்லைத் தவிர வேறு சாட்சியம் பெரும்பாலும் இராது. அச்சொல்லை ஏற்பதா, தள்ளுவதா என்று தீர்மானிக்கும் அதிகாரியின் பேனா முனையில் ஓர் உயிர் ஊசலாடுகிறது. அரசியல் காரணமாகத் துரத்தப்பட்டவன் விஷயத்திலேயே இவ்வேலை கடினமானது. “கடன் கொடுத்தவன் என்னைக் கொன்றுவிடுவான்” என்று ஒருவன் வந்து நின்றாலோ, சங்கடம் இரு மடங்காகிறது.

1951-ம் வருஷம் ஜூலை 28-ந் தேதி ஜினீவாவில் நிறைவேறிய அகதிகள் உடன்படிக்கை ஐந்து காரணங்களையே அங்கீகரிக்கிறது: இனம், மதம், தேசியம், குறிப்பிட்டதொரு சமூகப் பிரிவைச் சேர்ந்திருத்தல், அரசியல் அபிப்பிராயம். வட்டிக்காரனுக்குக் கடனாளியின் மதத்தைப் பற்றியோ அரசியலைப் பற்றியோ கவலையில்லை. அவனுக்கு வேண்டியது பணம். ஆதலின் தனிமனிதக் கடனுக்கு அஞ்சி ஓடியவன் சாதாரணமாக ‘அகதி’ ஆவதில்லை. ஆனால் விஷயம் இத்துடன் முடிந்துவிடவில்லை. ஆஸ்திரேலிய சர்க்கார் 2012-ம் வருஷம் மார்ச்சு 24-ந் தேதி முதல் துணைப் பாதுகாப்பு என்னும் மற்றொரு கதவைத் திறந்து வைத்தனர். திருப்பி அனுப்பினால் கொலையோ சித்திரவதையோ கொடிய அவமதிப்போ நேரும் என்ற மெய்யான அபாயம் இருந்தால் போதும். காரணம் அந்த ஐந்தில் ஒன்றாயிருக்க வேண்டியதில்லை. கடனாளி தட்டுவது இக்கதவையே.

அவ்வாறு தட்டியவர்களில் மலேசியாவிலிருந்து வந்தவர்கள் பலர். அத்தேசத்தில் லைசென்ஸ் இல்லாமல் கடுவட்டிக்குப் பணம் கொடுப்பவனை ‘ஆலோங்’ என்பர். அகதிகள் உடன்படிக்கை பிறந்த அதே 1951-ம் வருஷத்தில்தான் அங்கே லேவாதேவிச் சட்டமும் பிறந்தது என்பது விசித்திரமான ஒற்றுமை. ஈடில்லாத கடனுக்கு வருஷத்துக்கு 18 சதவிகிதமும், ஈடுள்ள கடனுக்கு 12 சதவிகிதமுமே உச்ச வட்டி என்று அச்சட்டம் வரையறுக்கிறது. ஆலோங்கோ அதன் எல்லைக்கு வெளியே தொழில் நடத்துகிறான். தவணை தவறினால் வீட்டுக் கதவில் சிவப்புச் சாயம் வீசப்படும். பிறகு அடியாட்கள் வருவார்கள்.

இக்கதை மனுவுக்கு மனு திரும்பத் திரும்ப வருவதைக் கண்ட அதிகாரிகளுக்குச் சலிப்புத் தட்டுகிறது. மனு எழுதித் தரும் தரகர்கள் ஒரே கதையைப் பெயர் மாற்றி விற்பதும் இல்லாத சங்கதி அன்று. வேலை தேடி வந்தவன் கடன் கதையைப் போர்த்துக்கொண்டால், மெய்யாகவே அஞ்சி வந்தவனுக்கு அவன் துரோகம் செய்தவனாகிறான். ஆயினும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். பஞ்சத்தில் அடிபட்ட நூறு பேர் ஒரே கதையைச் சொன்னால், பஞ்சம் பொய் என்று முடிவு கட்டுவார் உண்டோ? ஒரே விதமாக மிரட்டுகிறவர்களிடம் அகப்பட்டவர்கள் ஒரே விதமாகத்தான் சொல்லுவார்கள்.

பத்திரம் எங்கே, ரசீது எங்கே என்று கேட்பதும் எப்பொழுதும் நியாயமாகாது. எழுத்தில் ஒன்றையும் விட்டுவைக்காமையே அந்தத் தொழிலின் பாதுகாப்பு. அப்படியானால் எதைக் கொண்டு அளப்பது? தொகை எவ்வளவு, எதற்காக வாங்கினான், எவ்வளவு கட்டினான், எந்தத் தவணையில் தவறினான், மிரட்டல் எப்பொழுது தொடங்கிற்று, அவன் கப்பல் ஏறிய பிறகு ஊரிலுள்ள பெண்டு பிள்ளைகளுக்கு என்ன நேர்ந்தது? இவற்றை அநுபவித்தவனுக்கு விவரம் தானே வரும். பாடம் பண்ணியவன் இரண்டாவது கேள்வியில் திணறுவான். வந்திறங்கிப் பல மாதம் கழித்து மனுச் செய்தவனிடம் காரணம் கேட்க வேண்டியதுதான். ஆனால் கேட்காமலே பொய்யன் என்று தீர்ப்பதற்கில்லை. கடன்பட்டதை வெளியே சொல்ல நாணுவது மனித சுபாவம்.

தேதியில் ஒரு பிசகு, தொகையில் ஒரு தடுமாற்றம் என்பதற்காக முழு வாக்குமூலத்தையும் குப்பையில் எறியலாமா? அமெரிக்காவில் 2005-ம் வருஷத்துச் சட்டம், முரண்பாடு கோரிக்கையின் உயிர்நிலையைத் தொடாததாயினும் அதைக் கணக்கில் கொள்ளலாம் என்று இடம் கொடுத்தது. இது அபாயகரமான வழி என்பது நமது அபிப்பிராயம். அச்சத்தால் கலங்கிய நெஞ்சு பஞ்சாங்கம் வைத்துக்கொண்டு ஓடுவதில்லை.

சொல் நம்பத்தக்கது என்றாலும் வேறு கேள்விகள் மிஞ்சுகின்றன. சொந்த தேசத்திலேயே வேறு ஊரில் பத்திரமாகப் பிழைக்க முடியுமா? போலீஸார் காப்பார்களா? பெயருக்கு ஒரு போலீஸ் ஸ்டேஷன் இருந்தால் போதாது. மெய்யான அபாயம் நீங்கும் அளவுக்குக் காவல் கிடைக்க வேண்டும் என்று ஆஸ்திரேலிய பெடரல் நீதிமன்றத்தின் முழு அமர்வு 2012-ல் தீர்ப்பளித்தது. இவற்றுக்குச் சாதகமான விடை கிடைத்தால், மனுவை அக்காரணம் காட்டி நிராகரிக்கலாம்; அதில் குறையில்லை. சட்டத்துக்குள் அடங்காத மனுவைத் தள்ளுவதற்காக மனுதாரனைப் பொய்யனாக்குவதே குறை. அது சுலபமான வழி, அநீதியான வழியுங்கூட.

நூற்றுக்கு ஐம்பதுக்குக் குறைவாயிருப்பினும் மெய்யான வாய்ப்பு உண்டெனில் அச்சம் நியாயமானதே என்று ஆஸ்திரேலிய ஹைகோர்ட் 1989-லேயே கூறிவிட்டது. தன் முடிவில் தனக்கே மெய்யான சந்தேகம் உள்ள அதிகாரி, ‘ஒருவேளை நான் தவறியிருந்தால்?’ என்று எண்ணிப் பார்க்கக் கடமைப்பட்டவர் என்பது அந்நாட்டுப் பெடரல் நீதிமன்றம் 1999-ல் வகுத்த நெறி. பொய்யனுக்கு இடங்கொடுத்த தவறைப் பின்னால் திருத்திக்கொள்ளலாம். மெய்யனைத் திருப்பியனுப்பி, அங்கே அவனுக்காகக் காத்திருந்த கை ஓங்கிய பிறகு, எந்த மேல்விசாரணை அதைத் திருத்தும்?