கரையோர ஊரும் பல்கலைக்கழகமும்: பாலமாகப் பள்ளி

ஆய்வுப் படிவங்களுடன் கல்லூரி மாணவர்கள் வந்து போவது முட்டம் போன்ற கடற்கரை ஊர்களுக்குப் புதிதன்று. வருமானம், கடன், வலைகளின் எண்ணிக்கை என எல்லாவற்றையும் கேட்டுக் குறித்துக்கொள்வார்கள். அந்த ஆய்வில் என்ன தெரியவந்தது என்று திரும்பி வந்து ஊருக்குச் சொன்னவர்களை நான் அரிதாகவே பார்த்திருக்கிறேன்.

விதிகளுக்குக் குறைவில்லை. நாட்டு நலப்பணித் திட்டம் 1969இல் 37 பல்கலைக்கழகங்களில் தொடங்கியது. கற்பித்தல், ஆய்வு ஆகியவற்றோடு விரிவாக்கப் பணியும் உயர்கல்வியின் மூன்றாவது கடமை எனப் பல்கலைக்கழக மானியக் குழு 1977இல் ஏற்றது. ஆயினும், முகாம் முடிந்ததும் உறவும் முடிந்துவிடுகிறது. அது நிலைக்க என்ன வேண்டும்?

முட்டத்தின் அனுபவம்

1980களின் தொடக்கத்தில் முட்டத்தில் இயங்கிய படகு கட்டும் மையத்தில் ஒட்டுப்பலகைப் படகுகள் உருவாயின. கட்டுமரத்துக்கும் வள்ளத்துக்கும் ஏற்ற மரம் கிடைப்பது அரிதாகிவந்த காலம் அது. பெல்ஜியத்தைச் சேர்ந்த பொறியாளர் பியர் ஜிலே இம்முயற்சியில் முன்னின்றார். வரைபடம் மட்டும் போதவில்லை. கரையில் அடிக்கும் அலையைத் தாண்டுமா, வலை வைக்க இடம் இருக்குமா என்று சொல்ல வேண்டியவர்கள் மீனவர்களே. இப்பணியில் சந்தித்த இடர்ப்பாடுகளை ஜிலே 1985இல் நூலாகவே எழுதினார். இது பல்கலைக்கழகத் திட்டமாக இல்லாவிட்டாலும் பல்கலைக்கழகங்களுக்கு உரிய பாடம் இதில் உண்டு.

ஒக்கி எழுப்பிய கேள்வி

2017 நவம்பர் 29இல் காற்றழுத்தத் தாழ்வு மண்டலமாக இருந்தது மறுநாள் காலையிலேயே ஒக்கிப் புயலாக மாறியது. ஆழ்கடலில் பல நாள் தங்கித் தொழில் செய்தவர்களை எச்சரிக்கை எட்டவில்லை. நம் மாவட்டக் கடற்கரை பலரை இழந்தது.

வானிலைச் செய்தி மீனவருக்கு எந்த மொழியில், எந்த நேரத்தில், எந்த வழியில் போய்ச் சேர வேண்டும்? கொச்சி அறிவியல் தொழில்நுட்பப் பல்கலைக்கழகமும் இங்கிலாந்தின் சசெக்ஸ் பல்கலைக்கழகமும் இக்கேள்வியைத் திருவனந்தபுரம் மாவட்ட மீனவர்களுடன் சேர்ந்து ஆராய்ந்தன. முன்னறிவிப்பு மலையாளத்தில் அவர்களுக்குப் போனது. கடலில் கண்ட காற்றையும் அலையையும் அவர்கள் திரும்பச் சொன்னார்கள். தகவல் இருபுறமும் நடந்தது.

நிலைக்கும் உறவின் மூன்று கூறுகள்

முதலாவது, கேள்வி ஊரிலிருந்து வர வேண்டும். நெதர்லாந்துப் பல்கலைக்கழகங்களில் 1970களில் தோன்றிய ‘அறிவியல் கடைகள்’ மக்கள் கொண்டுவரும் கேள்விகளை எடுத்து ஆராய்ந்தன.

இரண்டாவது, விடை ஊருக்குப் புரியும் மொழியில் திரும்ப வேண்டும்.

மூன்றாவது, இடையில் நிலையாக ஒருவர் வேண்டும். கல்லூரி மாணவர் மூன்றாண்டில் போய்விடுவார். திட்ட நிதியும் ஒருநாள் தீரும். ஊரில் தொடர்ந்து இருப்பது பள்ளி.

நாம் செய்யக்கூடியவை

• எட்டாம் வகுப்பு மாணவர்களைத் தாத்தா, பாட்டியிடம் கேட்டு வரச் சொல்லலாம்: எந்த மாதத்தில் எந்தக் காற்று வீசும்? முன்பு கிடைத்த எந்த மீன் இப்போது இல்லை? கரை எங்கே இருந்தது? இவையே பல்கலைக்கழகத்திடம் கேட்க வேண்டிய கேள்விகளாக வளரும்.

• அருகில் இராஜாக்கமங்கலத்தில் மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்தின் கடல் அறிவியல் மையம் உள்ளது. தலைமையாசிரியர் வழியாக அக்கேள்விகளை எழுதி அனுப்பலாம். பிற மாவட்டத்தார் தத்தம் பகுதிக் கல்லூரியை நாடலாம்.

• ஆய்வுக் குழு வந்தால், முடிவை எப்போது, எவ்வடிவில் ஊருக்குத் தருவீர்கள் என்று கேட்டு, நாளைப் பதிவேட்டில் குறித்துக்கொள்ளலாம். அந்நாள் வந்ததும் நினைவூட்டலாம்.

• முடிவை ஊர்க்கூட்டத்தில் தமிழில் விளக்கச் செய்து, ஒரு படியைப் பள்ளி நூலகத்தில் வைக்கலாம்.

இதற்குத் தனி நிதி வேண்டியதில்லை. ஒரு பதிவேடும் விடாத நினைவூட்டலும் போதும். தன் வீட்டில் கேட்டெழுதிய கேள்விக்குப் பல்கலைக்கழகத்திலிருந்து பதில் வருவதைக் காணும் குழந்தை, உயர்கல்வியைத் தனக்கும் உரியதாக எண்ணத் தொடங்கும். கடலோரத்தின் முதல் தலைமுறை மாணவர்களுக்கு இதைவிட நல்ல வழிகாட்டுதல் இல்லை.