திருவனந்தபுரத்துக்குச் செல்ல ஏற்ற பருவம் எது?

மாணவர்களைத் திருவனந்தபுரத்துக்குக் கல்விச் சுற்றுலா அழைத்துச் செல்லும் ஆசிரியர்களும், ஆய்வு வேலையாக அங்குச் செல்லும் களப் பணியாளர்களும் முதலில் எழுப்பும் கேள்வி, "எந்த மாதத்தில் செல்வது?" என்பதாகும். இதற்கு விடை காண வேண்டுமாயின், வெப்பமானியைவிட மழைமானியையே நாம் நாட வேண்டும்.

திருவனந்தபுரம் பூமத்திய ரேகைக்கு வடக்கே ஏறத்தாழ எட்டரை டிகிரியில் அமைந்துள்ளது. ஆண்டில் இருமுறை, ஏப்ரல் நடுப்பகுதியிலும் ஆகஸ்டு இறுதியிலும், நண்பகற் சூரியன் அந்நகரின் உச்சிக்கு நேராக வருகிறது. எனினும் இவ்விரு காலங்களிலும் வெப்பம் ஒரே அளவாக இருப்பதில்லை. மார்ச்சு, ஏப்ரல் மாதங்களில் பகல் வெப்பம் 33 டிகிரி செல்சியஸை எட்டுகிறது. ஆகஸ்டிலோ மேகமும் மழையும் அதனைத் தணித்துவிடுகின்றன. ஒரே நாளின் பகலுக்கும் இரவுக்கும் உள்ள வெப்ப வேறுபாடு, மிக வெப்பமான மாதத்தின் சராசரிக்கும் மிகக் குளிர்ந்த மாதத்தின் சராசரிக்கும் உள்ள வேறுபாட்டைவிடப் பெரிது. வெப்ப மண்டலத்தின் தனி இயல்பு இதுவே.

ஆகவே அங்குப் பருவங்களைப் பிரித்துக் காட்டுவது மழையே. கேரளத்தில் தென்மேற்குப் பருவமழை தொடங்கும் வழக்கமான நாள் ஜூன் 1 ஆகும். மழை ஜூனில் ஒருமுறை உச்சத்தை அடைந்து, ஆகஸ்டில் குறைந்து, பருவக்காற்று திரும்பும் அக்டோபரில் மீண்டும் பெருகுகிறது. கேரளத்தின் ஆண்டுச் சராசரி ஏறத்தாழ 3,000 மில்லிமீட்டர்; தென்கோடியில் உள்ள திருவனந்தபுர நகருக்குக் கிடைப்பது 2,000 மில்லிமீட்டருக்கும் குறைவே. ஜனவரி, பிப்ரவரி மாதங்களில் மழை மிகவும் சொற்பம்.

இவ்வூரில் வானிலையை முறையாகக் கண்டறியும் முயற்சி புதியதன்று. சுவாதித் திருநாள் மகாராஜா காலத்தில், 1837-இல், இங்கு ஒரு வானாய்வு நிலையம் நிறுவப்பட்டது. ஜான் கால்டிகாட் அதன் முதல் இயக்குநராவார். பின்னர் வந்த ஜான் ஆலன் புரூன், 1850-களில் அகத்திய மலையின் உச்சியிலும் கருவிகளை அமைத்துக் கணக்கெடுத்தார்.

சராசரி மட்டும் நம்மைக் காக்காது என்பதை மறத்தலாகாது. ஏப்ரல், மே மாதங்களிலும், அக்டோபர், நவம்பர் மாதங்களிலும் காலையில் தெளிவாயிருக்கும் வானம், பிற்பகலில் இடி மின்னலுடன் இருண்டுவிடுவதுண்டு. எனவே மலையிலும் திறந்த வெளியிலும் செய்ய வேண்டிய பணிகளை நண்பகலுக்குள் முடித்துக்கொள்வது நலம். மழைக்கு முந்திய கோடையில் "கள்ளக்கடல்" என மீனவர் அழைக்கும் பேரலைகள் கரையேறுவதும் உண்டு. நெடுந்தொலைவில், தென் பெருங்கடலில் வீசும் புயற்காற்றால் எழும் அலைகள் இவை. உள்ளூரில் காற்றோ மழையோ இன்றி இவை வந்து சேர்வதால், அமைதியான வானத்தை நம்பி மாணவர்களைக் கடலில் இறங்க விடுதல் கூடாது. 2017 நவம்பர் 30-இல் கன்னியாகுமரிக் கடற்பகுதியில் ஒக்கிப் புயல் உருவாகி, கடலுக்குச் சென்றிருந்த திருவனந்தபுரம், கன்னியாகுமரி மாவட்ட மீனவர் பலரின் உயிரைக் கவர்ந்தது. மழைக்காலம் முடிந்துவிட்டதென நவம்பர் இறுதியில் எண்ணிவிடலாகாது என்பதற்கு அது சான்று.

முடிவாக, டிசம்பர் பிற்பகுதி முதல் பிப்ரவரி இறுதி வரை உள்ள காலமே பொதுவாக மிகவும் ஏற்றது எனலாம். அகத்தியர்கூடம் மலையேற்றத்துக்கு வனத்துறை அனுமதி வழங்குவதும் பெரும்பாலும் ஜனவரியில் தொடங்கும் பருவத்திலேயே. ஆயினும் ஓடைகளையும், தவளைகளையும், மழைக்காலச் செடிகளையும் ஆராய விரும்புவோர்க்கு இக்காலம் பயன்படாது. மழை சற்றுத் தணியும் ஆகஸ்டு, செப்டம்பர் மாதங்களே அவர்க்கு உகந்தவை. எப்பணிக்கு எப்பருவம் என்று முதலில் தீர்மானித்து, புறப்படும் முன்னர் வானிலைத் துறையின் அறிவிப்பையும் கடல் எச்சரிக்கையையும் பார்த்துக்கொள்க. மாதத்தைத் தேர்ந்தெடுக்கச் சராசரி உதவும். நாளைத் தேர்ந்தெடுக்க அன்றைய அறிவிப்பே உதவும்.