தாடி ஓணானின் தட்டில் என்ன இருக்க வேண்டும்?

"பூச்சி என்றால் பாய்ந்து வருகிறது, கீரையை ஏறெடுத்துப் பார்ப்பதில்லை." பியர்டட் டிராகன் வளர்ப்பவர்கள் இருவர் சந்தித்தால் இந்தப் புலம்பல் வராமல் இருக்காது. தேநீரை ஊற்றிக்கொள்ளுங்கள், பதில் கொஞ்சம் சுற்றி வரும்.

தாடி ஓணான் என்றும் சொல்லப்படும் இது, நம் வேலியோரத்து ஓணானுக்குப் பங்காளி முறை. சொந்த ஊர் ஆஸ்திரேலியாவின் வறண்ட உள்நாடு. அங்கே கரையான் கிடைத்தால் வயிறு முட்டத் தின்னும்; கிடைக்காத நாளில் இலையையும் பூவையும் கடித்துக் காலம் தள்ளும். குட்டிக்கு உடம்பு கட்ட வேண்டும் என்பதால் தட்டில் பெரும்பகுதி பூச்சியாக இருப்பது சரி. ஒன்றரை வயது வாக்கில் வளர்ச்சி அடங்கிவிடும். அதன்பின் கணக்கைத் தலைகீழாகத் திருப்ப வேண்டும்: முக்கால் பங்கு இலைதழை, கால் பங்கு பூச்சி. பழைய பந்தியையே தொடர்ந்தால் உடம்பு பெருக்கும், கல்லீரலில் கொழுப்பு படியும். கொழுகொழுவென்று இருப்பதைப் பார்த்துப் பெருமைப்படுபவர்களைக் கண்டால் எனக்குக் கவலையாக இருக்கும்.

அடுத்தது கால்சியம். உண்மையில் பேச்சு முழுவதும் இதைப் பற்றியதுதான். சாப்பாட்டில் பாஸ்பரஸ் ஒரு பங்கு என்றால் கால்சியம் இரு பங்காவது வேண்டும். சிள்வண்டில் இது நேரெதிர். பாஸ்பரஸ்தான் பல மடங்கு. அதனால்தான் பூச்சியைக் கால்சியம் பொடியில் புரட்டிப் போடுகிறோம். போடுவதற்கு முந்தைய நாளே பூச்சிக்கும் நல்ல கீரையும் காயும் கொடுத்துவிட வேண்டும். பட்டினி கிடந்த பூச்சியில் சத்து ஏது? கால்சியம் போதாவிட்டால் உடம்பு தன் எலும்பிலிருந்தே எடுத்துக்கொள்ளும். தாடை மெத்தென்று ஆகும், கால் நடுங்கும், முதுகு வளையும்.

பொடி மட்டும் போதாது. யுவிபி என்ற புறஊதா வெளிச்சம் பட்டால்தான் தோலில் வைட்டமின் டி3 உருவாகும். அது இல்லாமல் கால்சியம் உடம்பில் சரியாகச் சேராது. கண்ணாடி ஜன்னல் வழியே வரும் வெயில் கணக்கில் வராது, கண்ணாடி யுவிபியைத் தடுத்துவிடும். விளக்கடியில் குளிர்காயும் இடத்தில் சுமார் 40 டிகிரி செல்சியஸ் சூடு இல்லையென்றால் தின்றதும் செரிக்காது.

இனி கீரைக்கடை. நமக்குப் பிடித்த பாலக், அரைக்கீரை, சிறுகீரை எல்லாவற்றிலும் ஆக்ஸலேட் அதிகம், அது கால்சியத்தைக் கட்டிப்போட்டுவிடும். தினசரி உணவாக வேண்டாம். கடுகுக் கீரை, டேன்டேலியன் இலை, முள் நீக்கிய சப்பாத்திக்கள்ளி மடல், துருவிய மஞ்சள் பூசணி, செம்பருத்திப் பூ நல்லவை. பழம் எப்போதாவது ஒரு துண்டு. அவகாடோ கூடவே கூடாது. மின்மினியும் அப்படித்தான், ஒன்றே ஒன்று உயிரைப் பறித்துவிடும்.

சரி, தின்னாத கீரையை எப்படித் தின்ன வைப்பது? காலையில் விளக்கடியில் உடம்பு சூடேறியதும் கீரையை மட்டும் வையுங்கள், பொடிப்பொடியாக நறுக்கி. வளர்ந்த ஓணானுக்குப் பூச்சி வாரத்துக்கு இரண்டு மூன்று நாள் போதும், அதுவும் மாலைப் பக்கமாக. கண்ணாடித் தொட்டியைப் பிறாண்டினால் பசி என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். பூச்சி கொடுத்துக் கொடுத்துப் பழக்கியதன் விளைவாகவும் இருக்கும். இலைக்கு நடுவே நெளியும் புழு நாலைந்தைப் போட்டால், புழுவைக் கவ்வும் வேகத்தில் இலையும் வாயில் போகும். மெழுகுப் புழு மட்டும் வேண்டாம், அது வெறும் கொழுப்பு.

நல்ல உடம்போடு இருக்கும் பெரிய ஓணான் ஓரிரு நாள் முரண்டு பிடித்தால் ஒன்றும் ஆகாது. குளிர்காலத்தில் சில வாரங்கள் உண்ணாமல் தூங்குவதும் இயல்பு. வாரம் ஒருமுறை சமையல் தராசில் நிறுத்து எழுதி வையுங்கள். எடை இறங்கிக்கொண்டே போனால், ஊர்வன பார்க்கத் தெரிந்த கால்நடை மருத்துவரிடம் அந்தத் தாளோடு போய்விடுங்கள்.