எக்ஸ்ரேயில் தெரியாத வலி



பிப்ரவரி 9-ஆம் நாள் புனித அப்பொலோனியாவை நினைவுகூர்கிறோம். மூன்றாம் நூற்றாண்டில் அலெக்சாந்திரியாவில் பற்கள் உடைக்கப்பட்டு மறைசாட்சியாக இறந்தவர், பல்வலிக்காரர்களின் பாதுகாவலர். பல்லில் குறையே இல்லாமல் முகம் வலிப்பவர்களைப் பற்றி இன்று சிந்திப்போம்.

ஆவடி மின்ரயிலில் ஜன்னலோரம் அமர்ந்து, முந்தானையால் ஒரு பக்கக் கன்னத்தை மூடிக்கொள்ளும் பெண்களைப் பார்த்திருப்போம். தூசிக்காக என்று நினைத்திருப்போம். சிலருக்குக் காற்றுப் பட்டாலே வலி. நெற்றி, கன்னம், தாடை என மூன்று கிளையாகப் பிரியும் ஒரு நரம்பு முகத்தில் உண்டு. மருத்துவர்கள் அதை டிரைஜெமினல் நரம்பு என்பர். மண்டைக்குள் இரத்தக்குழாய் ஒன்று அதை அழுத்தினால், முகம் கழுவும்போதும் பல் துலக்கும்போதும் ஷாக் அடித்ததுபோல் சில நொடிகள் வலிக்கும். பல்லே வலிப்பதாகத் தோன்றுவதால், நல்ல பல்லைப் பிடுங்கிய பிறகும் வலியோடு அலைபவர்கள் உண்டு. வழக்கமான வலி மாத்திரை இதற்குப் பெரும்பாலும் கேட்பதில்லை. வலிப்பு நோய்க்குத் தரும் கார்பமாசெபின் பலருக்குக் கேட்கிறது. அதையும் மருத்துவர் சொல்லித்தான் எடுக்க வேண்டும்.

இதைவிட அதிகம் காணப்படுவது தாடை மூட்டு வலி. காதுக்கு முன்னால் விரல் வைத்து வாயைத் திறந்தால் அந்த மூட்டு அசைவது தெரியும். தூக்கத்தில் பல்லை நறநறவென்று கடிப்பவர்களுக்கும், கவலையில் பல்லை இறுக்கியபடியே வேலை பார்ப்பவர்களுக்கும் அங்கே தொடங்கும் வலி நெற்றிப்பொட்டு வரை ஏறும். சில நாள் மென்மையான உணவு, வெந்நீர் ஒத்தடம், உதடு மூடியிருந்தாலும் பற்கள் தொடாமல் இருக்கும் பழக்கம், இவற்றிலேயே பலருக்குக் குறைந்துவிடும். குறையாவிட்டால், கோட்டை ரயில் நிலையத்துக்கு எதிரே உள்ள அரசு பல் மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. மெடிக்கலில் வாங்கும் மாத்திரையை மாதத்தில் பாதி நாள் விழுங்கினால், அதுவே தலைவலியைத் தரும்.

ஒன்றை மட்டும் தள்ளிப்போடாதீர்கள். ஐம்பது வயதைக் கடந்தவருக்குப் புதிதாக நெற்றிப்பொட்டில் வலி, மெல்லும்போது தாடை வலி, பார்வை மங்கல் என வந்தால், அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும். பார்வையே போய்விடக்கூடும்.

அவிலா நகர் புனித தெரேசா, ஆன்மாவை ஒரு கோட்டையாக வருணிக்கும் நூலை 1577-இல் எழுதத் தொடங்கியபோது, மூன்று மாதமாகத் தலைக்குள் இரைச்சல் என்று அதன் முன்னுரையிலேயே குறிப்பிடுகிறார். அவரை யாரும் பாசாங்குக்காரி என்று சொல்வதில்லை. நம் வீட்டுப் பெண்களைத்தான் சொல்கிறோம். யோபுவின் நண்பர்கள் ஏழு நாள் பேசாமல் அருகில் அமர்ந்திருந்தவரை நல்லவர்களாகவே இருந்தார்கள்; காரணம் சொல்லத் தொடங்கியபோதுதான் அவரை நோகடித்தார்கள்.

பிப்ரவரி 11 உலக நோயாளர் தினம். அன்றைய திருப்பலிக்கு வருபவர்களில் வாயை முழுதும் திறக்க முடியாதவர்கள், நற்கருணையின் சிறு பகுதியைத் தரும்படி பங்குத்தந்தையிடம் முன்கூட்டியே சொல்லலாம், வெட்கப்பட வேண்டாம்.