ஃபார்முலா 1 அட்டைகளின் விலையைத் தீர்மானிக்கும் ‘பாப்’ எண்ணிக்கை: வாங்குவோர் அறிய வேண்டியவை என்ன?

ஃபார்முலா 1 கார் பந்தய வீரர்களின் படம் அச்சிடப்பட்ட சேகரிப்பு அட்டைகளுக்குச் சர்வதேச சந்தையில் பெரும் தொகை கொடுக்கப்படுகிறது. லூயிஸ் ஹாமில்டன் கையொப்பமிட்ட, ஒரே ஒரு பிரதி மட்டுமே உள்ள 2020-ம் ஆண்டின் டாப்ஸ் டைனஸ்டி அட்டை, 2022-ல் 9 லட்சம் அமெரிக்க டாலருக்குக் கைமாறியது. ஆனால், அதிக அளவில் அச்சிடப்படும் சாதாரண அட்டைகளின் விலை எதைப் பொறுத்து அமைகிறது? அதற்கான விடை, ‘பாப்புலேஷன் ரிப்போர்ட்’ எனப்படும் எண்ணிக்கை அறிக்கையில் பெருமளவு அடங்கியுள்ளது.

தரமதிப்பீடு நடைபெறுவது எப்படி?

அமெரிக்காவின் பிஎஸ்ஏ, பெக்கெட், எஸ்ஜிசி உள்ளிட்ட நிறுவனங்கள் கட்டணம் பெற்றுக்கொண்டு அட்டைகளை ஆராய்கின்றன. படம் சரியாக நடுவில் அமைந்துள்ளதா, மூலைகள் மழுங்காமல் உள்ளனவா, விளிம்பும் மேற்பரப்பும் பழுதின்றி உள்ளனவா எனப் பார்த்து, அதிகபட்சம் 10 வரை மதிப்பெண் வழங்குகின்றன. பின்னர் அந்த அட்டை பிளாஸ்டிக் உறையில் வைத்து மூடப்படுகிறது. ஓர் அட்டையின் எத்தனை பிரதிகள் எந்தெந்த மதிப்பெண் பெற்றுள்ளன என்ற கணக்கே ‘பாப்’ எண்ணிக்கை ஆகும்.

விலையில் ஏற்படும் தாக்கம்

எடுத்துக்காட்டாக, ஓர் அட்டையின் 1,000 பிரதிகள் மதிப்பிடப்பட்டு, 50 மட்டுமே 10 மதிப்பெண் பெற்றுள்ளதாகக் கொள்வோம். அந்த 50 பிரதிகளுக்கு 9 மதிப்பெண் அட்டையைவிடப் பல மடங்கு விலை கிடைக்க வாய்ப்புண்டு. மாறாக, 1,000-ல் 600 பிரதிகள் 10 பெற்றிருந்தால், அந்த மதிப்பெண்ணுக்கான கூடுதல் விலை வெகுவாகக் குறைந்துவிடும்.

மைக்கேல் ஷூமாக்கர் 1991 ஆகஸ்ட்டில் பெல்ஜியம் பந்தயத்தில் அறிமுகமானார். அடுத்த ஆண்டு வெளியான ‘கிரிட்’ தொகுப்பில் அவரது அட்டை இடம்பெற்றது. இத்தகைய பழைய அட்டைகள் பல ஆண்டுகள் பலரது கைகளில் புழங்கியவை என்பதால், பழுதில்லாத பிரதிகளுக்குத் தனி மதிப்பு உண்டு. இன்றைய அட்டைகளோ, உறையைப் பிரித்த உடனேயே பாதுகாக்கப்பட்டு மதிப்பீட்டுக்கு அனுப்பப்படுகின்றன. எனவே, அவற்றில் உயர் மதிப்பெண் பெறும் பிரதிகள் விரைவாகப் பெருகுகின்றன.

எண்ணிக்கை எப்போதும் உண்மையைச் சொல்லுமா?

குறைந்த ‘பாப்’ எண்ணிக்கை என்பதாலேயே ஓர் அட்டை அரிதானது என்று கூற முடியாது. மதிப்பீட்டுக் கட்டணத்தைவிட அட்டையின் விலை குறைவு எனில், அதனை எவரும் அனுப்புவதில்லை. அந்த வீரர் பட்டம் வென்றால், வீடுகளில் உள்ள பிரதிகள் வரிசையாக மதிப்பீட்டுக்குச் செல்லும். எண்ணிக்கை உயர்ந்து, விலை சரியும்.

இதேபோல், எண்ணிக்கை மிகையாகவும் காட்டப்படலாம். கூடுதல் மதிப்பெண்ணை எதிர்பார்த்துச் சிலர் உறையை உடைத்து அதே அட்டையை மீண்டும் அனுப்புகின்றனர். பழைய விவரச்சீட்டைத் திருப்பி அனுப்பாவிட்டால், ஒரே அட்டை இருமுறை கணக்கில் ஏறும். தவிர, ஒவ்வொரு நிறுவனமும் தனித்தனி கணக்கைப் பராமரிப்பதால், ஓர் அறிக்கையை மட்டும் பார்ப்பது போதாது.

கால இடைவெளியும் முக்கியம். அட்டைகள் மலைபோல் குவிந்ததால், 2021 மார்ச் மாதம் பிஎஸ்ஏ தனது பெரும்பாலான சேவைகளைத் தற்காலிகமாக நிறுத்தியது. இத்தகைய தேக்கம் நிலவும்போது காணப்படும் எண்ணிக்கை முழுமையானதல்ல. அதை நம்பி அதிக விலை கொடுப்போர், தேக்கம் நீங்கிய பின் இழப்பைச் சந்திக்க நேரிடும்.

எதைக் கவனிக்க வேண்டும்?

அச்சிட்ட எண்ணிக்கையே அட்டையில் பொறிக்கப்பட்டிருந்தால் நிலைமை வேறு. டாப்ஸ் குரோம் தொகுப்பின் 50 பிரதிகள் கொண்ட தங்க நிற வகை, 5 பிரதிகள் கொண்ட சிவப்பு வகை ஆகியவற்றின் எண்ணிக்கை ஒருபோதும் அந்த வரம்பைத் தாண்டாது. வரிசை எண் இல்லாத அட்டைகளுக்கு அத்தகைய உச்சவரம்பு வெளிப்படையாகத் தெரிவதில்லை.

எனவே, இன்றைய எண்ணிக்கையுடன் சில மாதங்களுக்கு முந்தைய எண்ணிக்கையையும், மொத்தத்தில் எத்தனை சதவீதம் 10 பெற்றுள்ளன என்பதையும், அண்மையில் விற்பனையான விலையையும் ஒப்பிட்டுப் பார்த்த பிறகே வாங்குவது பாதுகாப்பானது. உறையில் உள்ள சான்றிதழ் எண்ணை நிறுவனத்தின் இணையதளத்தில் சரிபார்ப்பதும் அவசியம்.