ட்ரவுட் இல்லாத ஏரிகளும் வேண்டும்

பனி உருகி மலைப்பாதைகள் திறந்ததும் கலிஃபோர்னியாவின் சியரா நெவாடா மலைக்கு நண்பர்கள் கூட்டம் கூட்டமாகக் கிளம்புகிறார்கள். முதுகில் கூடாரம், கையில் தூண்டில், மூன்றாயிரம் மீட்டர் உயரத்தில் ஓர் ஏரி, அதில் துள்ளும் ட்ரவுட் மீன். எல்லாம் ஆதியிலிருந்தே இப்படித்தான் இருந்தது என்று தோன்றும். ஆனால் அந்த ஏரிகளில் பெரும்பாலானவற்றில் முன்பு மீனே கிடையாது. பனியாறுகள் குடைந்த பள்ளங்கள் அவை. மீன் ஏறிவர விடாமல் அருவிகள் மறித்தன. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்து கோவேறு கழுதைகள் மீது மீன்குஞ்சுகளை ஏற்றிக் கொண்டுபோய் விட்டார்கள். இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு விமானத்திலிருந்தே கொட்டினார்கள். இவற்றில் சில ஏரிகளிலிருந்தாவது ட்ரவுட்டை அகற்ற வேண்டும். தூண்டில் பிடிப்பவர்களே அதற்கு முதலில் துணை நிற்க வேண்டும்.

காரணம், மஞ்சள்கால் மலைத்தவளை. கிரினெல், ஸ்டோரர் என்ற இரு விலங்கியலாளர்கள் இம்மலையிலுள்ள யோசெமிட்டி பகுதியைப் பற்றி 1924இல் வெளியிட்ட நூலில், உயர்மலையில் இந்தத் தவளை ஏராளமாக இருந்ததைப் பதிவு செய்தார்கள். இன்று அது வாழ்ந்த இடங்களில் பத்தில் ஒன்பதுக்கு மேற்பட்டவற்றில் அது இல்லை. இதன் தலைப்பிரட்டை தவளையாக மாற இரண்டு முதல் நான்கு ஆண்டுகள் பிடிக்கும். ஆகவே குளிர்காலத்திலும் அடிவரை உறையாத ஆழமான ஏரி அதற்கு வேண்டும். ட்ரவுட்டுக்கும் அதே ஏரிதான் வேண்டும். தப்பி ஒதுங்க வேறு இடமில்லாத தலைப்பிரட்டை மீனுக்கு இரையாகிறது. இழப்பு அதோடு நிற்பதில்லை. நீர்ப்பூச்சிகளின் இளம்பருவங்களை ட்ரவுட் தின்றுவிடுவதால், அவை சிறகு முளைத்து வெளிவரும்போது உண்ண வரும் மலைக்குருவிகள்கூட மீனுள்ள ஏரிகளில் குறைந்துவிடுகின்றன. கிங்ஸ் கேன்யன் பூங்காவில் சில ஏரிகளில் வலைபோட்டு மீனை அகற்றிப் பார்த்தார் உயிரியலாளர் வான்ஸ் வ்ரெடன்பர்க். தவளைகள் வேகமாகப் பெருகியதை 2004இல் வெளியிட்டார்.

தவளையைக் கொல்வது பூஞ்சை நோய்தானே, மீன் மேல் ஏன் பழி என்று கேட்பவர்கள் உண்டு. நோய் உண்மைதான், மீனை அகற்றிய ஏரிகளிலும் அது தவளைகளைக் கொன்று குவித்தது. ஆனால் 1991இல் மீன்குஞ்சு விடுவதை நிறுத்திய யோசெமிட்டியில் இருபது ஆண்டுகள் எடுத்த கணக்கு, 2016இல் வெளியானபோது வேறொன்றைக் காட்டியது: பூஞ்சை இருந்தும் தவளைகள் பெருகியிருந்தன. எண்ணிக்கை அதிகமிருந்தால்தான் நோயைத் தாங்கும் சில உயிர்களாவது எஞ்சும். அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சிதறிக் கிடந்தால் அந்த வாய்ப்பே இல்லை. தலைமுறைகளாக வரும் கோடைப் பொழுதுபோக்கைப் பறிக்கிறீர்கள் என்ற மனக்குறையையும் நான் மதிக்கிறேன். நண்பர்களோடு ஏரிக்கரையில் கழியும் அந்த நாட்கள் விலை மதிப்பற்றவை. ஆனால் மீன் அகற்றப்படுவது ஒரு சிறு பங்கு ஏரிகளில்தான். மற்றவற்றில் புரூக் ட்ரவுட் என்ற வகை பல இடங்களில் அளவுக்கு மீறிப் பெருகி, இரை போதாமல் குட்டையாகவே நின்றுவிடுகிறது. அங்கே போய் அனுமதித்த அளவு பிடித்துச் சமைத்துச் சாப்பிடலாம். ஏரிக்கும் அது நல்லது. ஓர் ஏரியின் மீனை உயிரோடு இன்னொன்றுக்குக் கொண்டுபோகக் கூடாது. நோய் பரவாதிருக்க, ஈரக் காலணியும் வலையும் காயாமல் அடுத்த ஏரியில் இறங்கவும் கூடாது.